வீட்டில் ஒரு டயப்பர் டப்பா

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டதால் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.)



செயலாளர் என்னிடம் குப்பையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார். நான் படித்தது பி.காம்., 36 வருடம் வங்கியில் எழுத்தர். வட்டி, பென்ஷன், நாமினேஷன் போடாமல் போனவர்களின் குடும்பம் படும் பாடு என்று சொல்லியிருந்தால் மணிக்கணக்கில் பேசுவேன். குப்பைக்கு என்னைப் பிடித்ததற்கும் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் பேரனுக்கு ஒரு வயது, அம்மாவுக்கு எண்பத்தெட்டு. இருவருக்கும் டயப்பர்தான். ஒரு நாளைக்குப் பேரன் கணக்கில் 6, அம்மா கணக்கில் 3. ஆக 9, மாதம் 270. இந்தக் கட்டடத்தில் இவ்வளவு அனுபவம் வேறு யாருக்கும் இல்லை என்று அவர் நினைத்துவிட்டார்.

அது சரிதானா என்று பார்க்க நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி போட்டிருந்தேன். ஞாபகம் இருக்கும். மொத்தம் 48 வீடு. குழந்தைக்கு டயப்பர் வாங்குகிறோம் என்று 9 வீட்டிலிருந்து பதில் வந்தது. வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்குகிறோம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆனால் கீழே தொட்டியில் தினமும் வந்து விழுவதைப் பார்க்கிற வாட்ச்மேனைக் கேட்டால், பெரியவர்கள் டயப்பர் ஐந்தாறு வீட்டிலிருந்தாவது வருகிறது என்கிறார். லெட்ஜரும் டே-புக்கும் ஒத்துப்போகவில்லை. காரணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியில் சொல்லக் கூச்சம். கூச்சப்படுவதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தக் கூச்சத்தால் டயப்பர் ஒரு கறுப்புப் பைக்குள் போய், அந்தப் பை காய்கறித் தோலோடும் சாதத்தோடும் இன்னொரு பைக்குள் போய், அடையாளம் தெரியாமல் கீழே இறங்குகிறது. அங்கே ஒருவர் அதைக் கையால் பிரிக்கிறார்.

போன ஜனவரியில் நம் கேட்டில் என்ன நடந்தது என்று சிலருக்குத் தெரியும். பேட்டரி வண்டியில் வருகிற அக்கா ஒரு கறுப்புப் பையைப் பிரித்தபோது கட்டை விரலில் ஊசி ஏறிவிட்டது. பைக்குள் பெரியவர் டயப்பர்; அதன் மடிப்புக்குள் இன்சுலின் ஊசி. யார் வீட்டு ஊசி என்று தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். ரத்தப் பரிசோதனை, மாத்திரை, ஆறு வாரம் கழித்துப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து இன்னொன்று. முடிவெல்லாம் நல்லபடியாக வந்தது. ஆனால் அந்த மூன்று மாதமும் அவர் வீட்டில் எப்படி இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நான் விசாரித்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "எதுல எது இருக்குன்னு எழுதியிருந்தா நான் ஏன் சார் பிரிக்கப் போறேன்?"

இனி டப்பாவுக்கு வருகிறேன்.

கடைக்காரர்கள் இதை 'டயப்பர் பெயில்' என்கிறார்கள். முதலில் கேட்டபோது எனக்கு ஜாமீன்தான் ஞாபகம் வந்தது. 'பெயில்' என்றால் வாளி. வெளிநாட்டில் துணி நாப்பி இருந்த காலத்தில், நனைந்த துணியைத் துவைக்கும் நாள் வரை தண்ணீரில் ஊறப்போட்டு வைக்கிற மூடி போட்ட வாளிக்கு அந்தப் பெயர். நம் பாட்டிமார்கள் கொல்லைப்புறத்தில் வைத்திருந்த வாளிதான் அதுவும். 1961-இல் அமெரிக்காவில் பாம்பர்ஸ் வந்தது. தூக்கிப் போடும் டயப்பர் பரவப் பரவத் துணி போனது, வாளி மட்டும் நின்றுவிட்டது, உள்ளே தண்ணீர் இல்லாமல்.

டப்பாவைத் தேர்ந்தெடுக்க, டயப்பர் எதனால் ஆனது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். உடம்பைத் தொடும் மேல் அடுக்கு மெல்லிய பிளாஸ்டிக் இழை. வெளி அடுக்கு ஈரம் விடாத பிளாஸ்டிக். நடுவில் மரக்கூழ்ப் பஞ்சும், சர்க்கரை மாதிரி ஒரு வெள்ளைத் தூளும். அந்தத் தூளின் பெயர் சோடியம் பாலி அக்ரிலேட். சுத்தமான தண்ணீரைத் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு இழுத்து ஜெல்லி ஆகிவிடும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அந்த அளவு வெகுவாகக் குறையும். குறைந்தும்கூட ஒரு ராத்திரி தாங்குகிறது. சிறுநீர் அதற்குள் பூட்டியிருக்கிறது என்றால் நாற்றம் எங்கிருந்து வருகிறது? சிறுநீரில் இருக்கிற யூரியாவைக் கிருமிகள் உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. மலம் சேர்ந்திருந்தால் கிருமியும் அதிகம், வேலையும் வேகம். வெயில் ஏற ஏற இன்னும் வேகம். அம்மோனியா எப்படி இருக்கும் என்று நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்குள் போகிற குழாயில் கசிந்தபோது, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்களே, அதே வாயுதான். டயப்பரில் வருவது அதில் துளி. ஆனால் மூடிய சின்ன அறையில் துளியே போதும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் உள்ளே அம்மோனியா உண்டாவது நிற்காது. மூடி அதைச் சேர்த்து வைக்கும், திறக்கிற நேரம் மொத்தமாக முகத்தில் அடிக்கும். நாற்றம் வராமல் இருக்க இரண்டு வழிதான். மலத்தை டயப்பரோடு உள்ளே போடாதீர்கள். டப்பாவை ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். வங்கியில் நாங்கள் கேஷ் கணக்கை முடிக்காமல் வீட்டுக்குப் போனதில்லை. பத்து ரூபாய் இடித்தாலும் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து தேடியிருக்கிறோம். டப்பாவும் அப்படித்தான், அன்றன்றைக்கு முடிந்துவிட வேண்டும். ஈ முட்டையிட்டால் நம் ஊர் வெயிலில் ஒரே நாளுக்குள் பொரிந்துவிடும். 'மூன்று நாள் வரை நாற்றம் வராது' என்று அட்டையில் போட்டு விற்பதை நம்பி மூன்று நாள் வைக்கிறவர்கள் மூன்றாம் நாள் புழுவைப் பார்ப்பார்கள்.

தினமும் காலி செய்வது என்று முடிவு செய்துவிட்டால் பெரிய டப்பா தேவையில்லை. குழந்தைக்கு மட்டும் என்றால் 10 லிட்டர் போதும். சுருட்டிய ஆறு டயப்பர் அதில் அடங்கி மேலே இடமும் இருக்கும். பெரியவர்கள் டயப்பர் நனைந்தால் ஒரு கிலோ வரைகூடப் போகும், தடிமனும் அதிகம்; அதற்கு 15 முதல் 20 லிட்டர் பார்க்கலாம். அதற்கு மேல் வாங்கினால், 'நிறையட்டுமே' என்று ஒரு நாள் தள்ளிப்போட மனசு சொல்லும்.

காலால் மிதித்துத் திறக்கிற பெடல் டஸ்ட்பின்தான் சரி. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் டயப்பர் இருக்கும்போது மூடியைத் திறக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? கையைக் காட்டினால் தானே திறக்கிற பேட்டரி டப்பாக்களும் வருகின்றன. நம் வீட்டுக் குழந்தைகளுக்கு அது நல்ல விளையாட்டுச் சாமான். அதற்கு மேல் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பளபளவென்று ஸ்டீல் டப்பாக்கள் கடையில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நாம் இருப்பது திருவொற்றியூர். கடற்காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறீர்கள். விலை குறைந்த ஸ்டீல், பெடல் கம்பி, மூடியின் கீல் எல்லாம் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். எங்கள் எதிர் வீட்டில் அப்படி ஒன்று இப்போது குடை வைக்கப் பயன்படுகிறது. கெட்டியான பிளாஸ்டிக்கில், உள்ளே தனி வாளி இருக்கிற மாதிரி வாங்குங்கள். உள்வாளியை மட்டும் தூக்கிக் கழுவிவிடலாம். கடையிலேயே மிதித்துப் பார்த்து, மூடி மெதுவாக உட்காருகிறதா, விளிம்பில் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். கரப்பான் பூச்சிக்குச் சின்ன இடைவெளியே ராஜபாட்டை.

என் மகள் கைப்பேசியில் ஒன்றைக் காட்டினாள். வெளிநாட்டில் 1990-களில் 'டயப்பர் ஜீனி' என்று வந்ததே, அந்த வகை. உள்ளே பிளாஸ்டிக் சுருள் இருக்கிறது. ஒவ்வொரு டயப்பரையும் போட்டு முறுக்கினால் தனித்தனியாகக் கட்டிக்கொண்டு சங்கிலி மாதிரி கீழே இறங்குகிறது. கெட்டிக்கார வேலை, சந்தேகமில்லை. ஆனால் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டப்பா ஒரு முறைச் செலவு. சுருள் தொடர் செலவு. பிரிண்டரை மலிவாக விற்று மையில் சம்பாதிக்கிற கதைதான். சுருள் தீர்ந்துபோய்ச் சரக்கு வராத வாரத்தில் அது வெறும் டப்பா. இன்னொன்று: அந்தச் சங்கிலி கீழே போனால் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. நம் வீட்டு மூக்கைக் காப்பாற்றச் செய்தது அது. வாங்க வேண்டாம் என்றேன். மகளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

காசு செலவில்லாமல் அதே வேலையைச் செய்வது நம் வீட்டுச் செய்தித்தாள். ஒவ்வொரு டயப்பரையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்ட வேண்டும். இதைச் சொன்னதும் 'இதற்கெல்லாம் எங்கே நேரம்' என்று பின் வரிசையில் ஒரு குரல் வந்தது. அரை நிமிடம் ஆகும். எப்படி என்று மேடையில் ஒரு புது டயப்பரை வைத்துச் செய்து காட்டினேன். இங்கே எழுத்தில் சொல்கிறேன்.

முதலில் மலத்தைக் கழிவறையில் தட்டிவிடுங்கள். ஒட்டியிருந்தால் கழிவறைக் கோப்பைக்கு மேலே பிடித்து ஹெல்த் ஃபாசெட்டை மெதுவாகத் திறந்து, அழுக்குப் பட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் படும்படி அலசலாம். டயப்பர் முழுவதையும் நனைத்தால் தூள் இன்னும் உப்பிக் கனம்தான் கூடும். பிறகு முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக இறுக்கச் சுருட்டி, டயப்பரிலேயே இருக்கிற ஒட்டுப் பட்டையால் ஒட்டுங்கள். செய்தித்தாளில் குழந்தைக்கு ஒரு தாள், அதாவது இரண்டு பக்கம் உள்ளது. பெரியவர்களுக்கு நான்கு பக்கம் சேர்ந்த முழு விரிப்பு. கடலைப் பொட்டலம் மாதிரி ஓரத்தை உள்ளே மடித்துச் சுற்றி, ஒரு துண்டு டேப். மேலே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக ஒரு வட்டம். பிறகு டப்பாவில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தை மலம்தானே என்று தண்ணீரில் காட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் ரோட்டா வைரஸ் பரவுவதே மலம் பட்ட கை வழியாகத்தான்.

12 பக்கச் செய்தித்தாள் என்றால் முழு விரிப்பு 3. பாதியாகக் கிழித்தால் 6 தாள். ஒரு குழந்தையின் ஒரு நாள் கணக்கு அன்றைய செய்தித்தாளோடு சரியாகப் போகும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் சேர்த்து இரட்டிப்பு. எடை போட்டுப் பார்த்தேன், மாதம் சுமார் 3 கிலோ தாள். பழைய பேப்பர்க்காரர் கிலோ 12 ரூபாய் தருகிறார் என்று வைத்தால் மாதம் 36 ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டத்தை நான் எழுதித் தள்ளிவிட்டேன்.

சிவப்பு வட்டம் என் யோசனை இல்லை. புனே நகரில் 'ஸ்வச்' என்ற கழிவு சேகரிப்போர் கூட்டுறவு அமைப்பு 'ரெட் டாட்' என்று இதை ஒரு இயக்கமாகவே நடத்தியது. நாப்கின், டயப்பர் எதுவானாலும் தாளில் சுற்றி சிவப்புப் புள்ளி வையுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். கேட்டது அந்தக் கழிவைக் கையால் தொட்டுப் பிரிக்கிற பெண்கள். அதனால்தான் எனக்கு அது பிடித்திருக்கிறது. பெங்களூரில் இரண்டு தொட்டி, ஒரு பை என்று ஒரு முறை. அதில் சிவப்புத் தொட்டி முழுக்க இந்த மாதிரிக் கழிவுக்குத்தான். நம்மால் முடியாததா?

டப்பாவுக்குள் விரிக்கிற பை விஷயம். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் கேரி பை தடை ஆகிவிட்டது, தெரியும். இதற்கென்று குப்பைப் பை ரோல் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. 5 கிலோ அரிசி வந்த பை, துணி சோப்புத்தூள் வந்த பெரிய பாக்கெட், நாய் வைத்திருப்பவர்கள் வீட்டில் நாய்த்தீனிப் பை, எல்லாம் கெட்டியானவை. ஒவ்வொரு டயப்பரும் தாளில் சுற்றியிருப்பதால் பை அழுக்காவதில்லை. காலி அரிசிப் பைகளை எறியாமல் சேர்த்து வையுங்கள். தவழ்கிற குழந்தை கையில் மட்டும் எந்தப் பையும் சிக்கக் கூடாது. தலையில் மாட்டிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். டப்பாவையும் குழந்தை மிதித்துத் திறக்க முடியாத இடத்தில் வையுங்கள்.

நாற்றத்துக்கு என்ன போடலாம் என்று பெண்கள் பக்கத்திலிருந்து நிறையக் கேட்டார்கள். டப்பாவின் அடியில் ஒரு கரண்டி சமையல் சோடா, இரண்டு தாள் செய்தித்தாள். போதும். அந்துருண்டை போடவே போடாதீர்கள். அதன் ஆவி, ஜி6பிடி என்ற நொதிக் குறைவு உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். நம் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. இன்னொன்று பிளீச்சிங் பவுடர். வெள்ளம் வடிந்த பிறகு தெருவெல்லாம் தூவுவதைப் பார்த்துப் பழகி, சிறுநீர் நாற்றம் அடிக்கிற டப்பாவிலும் ஒரு கை போட்டு விடுகிறோம். பிளீச்சிங்கும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு கிளம்பும். இருமல், கண் எரிச்சல், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நன்றாக அலசி வெயிலில் காய வையுங்கள். நம் மொட்டை மாடி வெயிலுக்கு மேல் என்ன மருந்து வேண்டும்?

கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'பி' பிளாக்கில் இரண்டு முறை அடைத்துக்கொண்டதே, இரண்டு முறையும் வெளியே வந்தது டயப்பர். அந்த வெள்ளைத் தூள் குழாய்க்குள் போய்த் தண்ணீர் குடித்து உப்பிக் கட்டியாகிவிடும். மனிதரை இறக்கிச் சாக்கடை அள்ளவைப்பதை 2013 சட்டம் தடை செய்திருக்கிறது. அந்தச் சட்டம் ஏட்டில் இருக்கும்போதே ஆட்கள் இறங்கி இறப்பதைச் செய்தித்தாளில் பார்க்கிறோம். நம் கட்டடத்து அடைப்புக்கு ஒருவர் இறங்க வேண்டாம். மொட்டை மாடியில் எரிப்பதும் அதே வகை. ஈர டயப்பர் எரியாது, புகையும். இந்தப் பகுதியில் நாம் சுவாசிக்கிற புகை போதாதா?

நம் டப்பாவிலிருந்து இறங்கினது எங்கே போகிறது? நம் மண்டலக் குப்பை கொடுங்கையூருக்குப் போகிறது. அங்கே குப்பை மேடு பற்றி எரிந்த நாட்களில் காற்று இந்தப் பக்கம் திரும்பினால் நாம் ஜன்னலைச் சாத்தியிருக்கிறோம். இப்போது பழைய மேட்டைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் பயோமைனிங் வேலை நடக்கிறது. டயப்பர் 500 வருஷம் மக்காது என்று வாட்ஸ்அப்பில் வரும். பாம்பர்ஸ் வந்தே 65 வருஷம்தான் ஆகிறது, யார் உட்கார்ந்து எண்ணினார்கள்? ஆனால் பிளாஸ்டிக் அடுக்கு மக்கப் போவதில்லை என்பது நிச்சயம். அங்கே எரியுலை வரக் கூடாது என்று 2025-இல் வடசென்னைக் குடியிருப்போர் சங்கங்கள் மனிதச் சங்கிலி நின்றன. நம்மில் சிலரும் போயிருந்தோம். எரிக்காதே என்று சொன்ன நாம், பிரித்துக் கொடுக்கிற வேலையைச் செய்தாக வேண்டும்.

சட்டமும் அதையே சொல்கிறது. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, டயப்பர், நாப்கின் போன்றவற்றை உற்பத்தியாளர் தரும் பையிலோ தகுந்த தாளிலோ பத்திரமாகச் சுற்றி, மக்காத குப்பையில் சேர்க்க வேண்டும் என்று இருந்தது. உற்பத்தியாளர் ஒவ்வொரு டயப்பருக்கும் பை தர வேண்டும் என்றும் இருந்தது. எங்கள் வீட்டில் மாதம் 270 வாங்குகிறோம், ஒரு பையைக்கூட நான் பார்த்ததில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற புதிய விதிகளில் நான்கு பிரிவு: மக்கும் குப்பை, மக்காத குப்பை, சானிட்டரி கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு. டயப்பருக்கு இப்போது சொந்தமாக ஒரு தலைப்பு கிடைத்துவிட்டது. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று இரண்டோடு பழகினவர்கள் நான்குக்குப் பழக வேண்டும்.

ஊசியை மட்டும் தயவுசெய்து டயப்பரோடு போடாதீர்கள். காலியான ஃபினாயில் பாட்டில், துணி சோப்புத் திரவம் வந்த கெட்டி பாட்டில், எதுவானாலும் திருகு மூடி இருந்தால் போதும். ஊசியை அதில் போட்டு வாருங்கள். முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை இறுக்கி, டேப் சுற்றி, 'ஊசி' என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். வண்டிக்கார அக்காவிடம் தனியாக, சொல்லிக் கொடுங்கள். சர்க்கரை இருப்பதை ஒளிக்க இந்தக் காலத்தில் யாருக்கும் அவசியமில்லை. இந்த அறையில் கை தூக்கச் சொன்னால் பாதிப் பேர் தூக்குவோம்.

மழைக்காலம் தனிக் கணக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கீழ்த்தளம் முழுதும் தண்ணீர் நின்றபோது குப்பை வண்டி நாலு நாள் வரவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் குப்பைப் பைகள் மிதந்தன. தினமும் காலி செய் என்று சொன்னேனே, வண்டியே வராத நாளில் என்ன செய்வது? அந்த நாட்களில் கீழே கொண்டுபோகாதீர்கள். மலம் இல்லாமல், தாளில் சுற்றிய பொட்டலங்களை ஒரு கெட்டிப் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, மூடி உள்ள பழைய பெயின்ட் வாளியில் வைத்து, பால்கனி நிழலில் தாங்கலாம். நான்கு நாளைக்குத் தேவையான பழைய தாளும் அப்போது வீட்டில் இருக்க வேண்டும். அக்டோபர் வந்தால் பேப்பர்க்காரருக்குப் போடாமல் ஒரு கட்டு எடுத்து வைத்துவிடுங்கள்.

துணிக்கே திரும்பலாமே என்று மூத்தவர்கள் சிலர் கேட்டீர்கள். பாதி திரும்பலாம். எங்கள் வீட்டில் பேரனுக்குப் பகலில் நான்கைந்து மணி நேரம் பழைய வேட்டித் துணிதான். டயப்பர் 6 என்று நான் சொன்ன கணக்கே துணி போகத்தான், இல்லையென்றால் 8 ஆகும். ஆனால் துணிதான் உசத்தி, டயப்பர் சோம்பேறித்தனம் என்று மருமகள்களிடம் சொல்லாதீர்கள். 2019 கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்தோமே, அப்போது நாப்பி துவைக்க யாரிடம் தண்ணீர் இருந்தது? படுத்த படுக்கையில் இருக்கிற பெரியவர்களுக்கு டயப்பர் இல்லாமல் முடியாது. படுக்கைப் புண் வராமல் அம்மாவைப் புரட்டிப் போட்டுச் சுத்தம் செய்வது நானும் என் மனைவியும்தான். டயப்பர் மட்டும் இல்லையென்றால் எங்களுக்குத் தூக்கம் என்பதே இருக்காது. அதை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதால்தான் முதலிலேயே வீட்டுக் கணக்கைச் சொன்னேன்.

செயற்குழுவில் பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து இரண்டு பிளாக்கிலும் படிக்கட்டுக்குக் கீழே சிவப்பு மூடி போட்ட தனித் தொட்டி இருக்கும். சிவப்பு வட்டம் போட்ட பொட்டலங்கள் மட்டும் அதில். பைக்குள் என்ன என்று யாரும் பார்க்க மாட்டார்கள். யார் வீட்டிலிருந்து என்றும் பெயர் எழுத வேண்டாம். காலை 6 மணி முதல் 7.30 வரை கொண்டுவந்து போட்டால் 8 மணி வண்டிக்குப் போய்விடும். மாலையில் போட்டால் ராத்திரி முழுக்க வாட்ச்மேன் பக்கத்தில் இருக்கும், அதனால் மாலையில் வேண்டாம். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவும் டேப்பும் வாட்ச்மேன் அறையில் வைத்திருக்கிறோம், வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கார அக்காவுக்கு நல்ல ரப்பர் கையுறை இரண்டு ஜோடி சங்கக் கணக்கில் வாங்கியாயிற்று; ரசீது பொருளாளரிடம் இருக்கிறது. ஊசி பாட்டில் தொட்டியில் போடக் கூடாது, கையில் கொடுக்க வேண்டும்.

மாடியிலிருந்து இறங்க முடியாத பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீடு மூன்று இருக்கிறது. அந்த வீடுகளுக்குக் காலையில் போய் வாங்கி வர இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், ஒன்று என் பெயர். இன்னும் இரண்டு பேர் இருந்தால் வாரத்தைப் பிரித்துக்கொள்ளலாம். செயலாளரிடம் சொல்லுங்கள்.